இராஜ இலச்சினைகளின் யோக்கியதை

(திருச்சியில் நடந்த பொதுக்கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டால் உங்களில் பலருக்குச் சிரிப்பு வரக்கூடும். பிரான்சு தேசத்து இராஜ குடும்பத்தார் தங்கள் கேடயத்தின்மேல் என்ன படம் எழுதிக்கொண்டார்கள், தம்பி வீட்டார் என்ன எழுதிக்கொண்டார்கள், சித்தப்பன் வீட்டார் என்ன எழுதிக்கொண்டார்கள் என்பதுதான் விஷயம். “அரிசி விலையைப் பேசவில்லை, ஜாதியைப் பேசவில்லை, எங்கேயோ கடலுக்கு அப்பால் செத்துப்போன இராஜாவின் கேடயம் நமக்கு எதற்கு?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கேடயத்துக்கு உடையவனுடைய பட்டாளம் இதோ இந்த மலைக்கோட்டையை வளைத்துக்கொண்டு நின்றிருக்கின்றது. காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்துக் கோயில் மதிலுக்குள்ளே அடைபட்டுக் கிடந்து சரணடைந்தும் இருக்கின்றது. அதற்கும் மேலாக, இன்று பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகளில் சிலர் மணிக்கட்டில் கட்டிக்கொண்டிருக்கும் வர்ணக் கயிற்றுக்கும் அந்தக் கேடயத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. கயிற்றைப் பற்றிப் பின்னால் சொல்லுகின்றோம். முதலில் கேடயம்.

ஏறக்குறைய கி.பி. 12-ஆம் நூற்றாண்டிலே ஐரோப்பாவில் குதிரையேறிச் சண்டை செய்கிறவர்கள் உடம்பெல்லாம் இரும்பு வளையச் சட்டை போட்டு, முகத்தையும் இரும்புத் தொப்பியால் மூடிக்கொண்டார்கள். மூடிக்கொண்ட பிறகு எவன் நம்மவன், எவன் எதிரி என்று தெரியவில்லை. அதற்காகக் கேடயத்தின்மேல் தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படி வர்ணம் பூசிக்கொண்டார்கள். ஒருவன் சிங்கம் எழுதினான். ஒருவன் கழுகு எழுதினான். ஒருவன் வெறும் கோடு இழுத்துக்கொண்டான். இதுதான் ஆரம்பம். சலவைக்காரர் துணிக்குப் போடும் குறிக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. இன்னும் சொல்லப்போனால் சலவைக்காரர் குறியே மேலானது. அது துணி மாறிப்போகாமல் உடையவனிடம் போய்ச் சேருவதற்காகப் போடுவது. அந்தக் குறியைக் காட்டி “எங்கள் துணி உயர்ந்த வம்சத்துத் துணி” என்று எந்த வேட்டியும் சொல்லிக்கொண்டது கிடையாது.

ஆனால் கேடயக்காரன் சொல்லிக்கொண்டான். அப்பன் எழுதிய சிங்கத்தை மகன் எடுத்துக்கொண்டான்; சண்டையையே பார்த்திராத பேரன் அதை வீட்டு வாசலில் எழுதினான், வண்டியில் எழுதினான், சாப்பிடும் தட்டில் எழுதினான், வேலைக்காரனுடைய சட்டையிலும் தைத்துவிட்டான். எவனுக்கு எந்தச் சின்னம் பாத்தியம், எவன் எந்த வர்ணம் போடலாம் என்று பார்ப்பதற்காகவே கட்டியக்காரர்கள் என்று ஒரு கூட்டம் உண்டாயிற்று. நம் ஊரில் கோத்திரம் சொல்லிப் பிழைப்பவர்கள் இல்லையா, அந்த மாதிரி.

பிரான்சு இராஜாவின் சின்னம் லில்லிப் பூ. நீலத் துணியில் பொன் பூ இறைத்தது போல் இருக்கும். இது எப்படி வந்தது என்று கேட்டால், கி.பி. 500 வாக்கில் இருந்த குளோவிஸ் என்னும் அரசன் கிறிஸ்துவ மதத்தில் சேர்ந்தபோது தேவதூதன் வானத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தான் என்று பாதிரிகள் எழுதிவைத்தார்கள். குளோவிஸ் செத்தது 511-இல். கேடயத்துக்குச் சின்னம் எழுதும் வழக்கம் வந்ததோ அதற்கு அறுநூறு வருஷத்துக்குப் பின். தேவதூதன் அறுநூறு வருஷம் முன்கூட்டியே புறப்பட்டு வந்துவிட்டான் போலும்! ரேம்ஸ் நகரத்துக் கோயிலில் ஒரு குப்பி வைத்திருந்தார்கள். குளோவிஸுக்காகப் புறா கொண்டுவந்த எண்ணெய் அதில் இருக்கிறதென்றும், அரசர்களுக்குப் பட்டங்கட்டும்போது அதைத் தடவினால்தான் அரசன் என்றும், எத்தனை பேருக்குத் தடவினாலும் அது குறைவதில்லை என்றும் சொல்லிவந்தார்கள். புரட்சிக் காலத்தில், 1793 அக்டோபரில், ஜனங்கள் பார்க்க அந்தக் குப்பியை நடுத்தெருவில் உடைத்தார்கள். வானம் இடியவில்லை. அப்புறம் பத்தாம் சார்லஸ் என்பவன் 1825-இல் பட்டங்கட்டிக்கொண்டபோது, உடைந்த குப்பியில் சில துளிகளை யாரோ எடுத்து ஒளித்து வைத்திருந்ததாகச் சொல்லி அதையும் தடவினார்கள். ஐந்து வருஷத்தில், 1830-இல், அவனை ஜனங்கள் துரத்திவிட்டார்கள். அந்த எண்ணெயின் மகிமை அவ்வளவுதான்.

முதலில் கணக்கில்லாமல் இறைந்து கிடந்த பூவை ஏறக்குறைய 1376-இல் ஐந்தாம் சார்லஸ் மூன்றாகக் குறைத்தான். மூன்று என்பது பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று உடனே தத்துவார்த்தம் சொன்னார்கள். நான்காக வைத்திருந்தால் நான்கு சுவிசேஷம் என்று சொல்லியிருப்பார்கள். தத்துவார்த்தம் சொல்லுகிறவர்களுக்கு எண்ணிக்கையா கஷ்டம்?

நிற்க, இப்போது கிளைகளுக்கு வருவோம். மூத்தவன் கேடயத்தில் வெறும் லில்லி இருக்கும். இளையவன் அதே லில்லியைப் போடலாம். ஆனால் தான் இளையவன் என்று தெரியும்படி ஏதாவது ஒரு வேறுபாட்டையும் சேர்த்துப் போட வேண்டும். ஓர்லியான் வீட்டாருக்கு மேலே மூன்று பல் தொங்கும் ஒரு வெள்ளைச் சீப்பு. ஆஞ்சு வீட்டாருக்குச் சுற்றிலும் சிவப்புக் கரை. அலான்சோன் வீட்டாருக்கு அதே சிவப்புக் கரையில் எட்டு வெள்ளிக் காசு. பெர்ரி வீட்டாருக்குப் பல் வெட்டின சிவப்புக் கரை. பர்கண்டி வீட்டாருக்கு வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி வரும் கட்டக் கரை. பூர்போன் வீட்டாருக்கு மூலைக்கு மூலை சிவப்புப் பட்டை. உறையூர்ச் சேலைக்குக் கரை பார்ப்பதைப் போலிருக்கிறதல்லவா? உறையூரில் கரை போட்ட சேலைக்கு விலை அதிகம். அங்கே கரையில்லாத கேடயத்துக்குத்தான் விலை அதிகம். அவ்வளவே பேதம். உறையூர்ச் சேலையையாவது உடம்பில் உடுத்திக்கொள்ளலாம்.

ஆசைநாயகிக்குப் பிறந்த பிள்ளை இருக்கிறானே, அவனுக்கு மட்டும் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். தகப்பன் செய்த காரியத்துக்குப் பிள்ளையின் கேடயத்தில் கோடு! தகப்பன் கேடயத்தில் கோடு உண்டா என்று கேட்டால், கிடையாது. தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டிலேயும் கோடு எப்போதும் எந்தப் பக்கம் விழுகிறது என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இந்தச் சீப்பும் கரையும் விளையாட்டாக நின்றுவிட்டனவா என்றால், இல்லை. 1407-இல் பாரிசு நகரத் தெருவில் ஓர்லியான் வீட்டுப் பிரபுவைப் பர்கண்டிப் பிரபு ஆள் வைத்துக் கொன்றான். இருவரும் அண்ணன் தம்பி மக்கள். 1419-இல் சமாதானம் பேசலாம் வா என்று பர்கண்டிப் பிரபுவை மோந்தரோ என்ற ஊரின் பாலத்துக்கு அழைத்து, எதிர்க் கட்சியார் அவனை வெட்டினார்கள். சீப்புக்காரன் கட்சி என்றும் கரைக்காரன் கட்சி என்றும் தேசமே இரண்டுபட்டுக் கிடந்த சமயத்தில் இங்கிலாந்து அரசன் உள்ளே புகுந்தான். 1420-இல் ஒரு உடன்படிக்கை எழுதி, பிரான்சின் சிம்மாசனத்துக்கு இங்கிலாந்து அரசனையே வாரிசாக்கிவிட்டார்கள். குத்துப்பட்டுச் செத்த குடியானவனுடைய வீட்டில் லில்லியும் கிடையாது, சீப்பும் கிடையாது.

பூர்போன் கதை இன்னும் வேடிக்கை. ஒன்பதாம் லூயி என்ற அரசனுக்கு இளைய பிள்ளை ராபர்ட், 1317-இல் இறந்தவன். அவன் வம்சத்தார் இருநூறு முந்நூறு வருஷம் சிவப்புப் பட்டையோடு இருந்தார்கள். 1589-இல் மூத்த கிளையில் ஆண் வாரிசு அற்றுப்போகவே, லூயிக்குப் பத்தாம் தலைமுறையான நான்காம் ஹென்றிக்கு இராச்சியம் வந்தது. வந்தவுடனே சிவப்புப் பட்டை போய்விட்டது. வெறும் பூ வந்துவிட்டது. இரத்தம் மாறிற்றா? மாறவில்லை. எலும்பு மாறிற்றா? மாறவில்லை. பதவி மாறிற்று. பாரிசு நகரம் கைக்கு வராததால் 1593-இல் தன் மதத்தையும் மாற்றிக்கொண்டான். இவ்வளவு சுலபமாக அழிகிற கோட்டுக்கா இத்தனை நாள் பிறவிப் பெருமையும் பிறவி இழிவும் பேசினார்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

நம் பக்கத்து இராஜாக்களை மறந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். உறையூரைத் தலைநகராக வைத்திருந்த சோழர்களுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன், சேரனுக்கு வில் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இராஜேந்திர சோழனுடைய திருவாலங்காட்டுச் செப்பேட்டில் ஒரு முத்திரை இருக்கிறது. அதில் புலி உட்கார்ந்திருக்கும். பக்கத்திலே இரண்டு மீன், ஒரு வில், மேலே குடை, சாமரம். பாண்டியனையும் சேரனையும் அடக்கிவிட்டோம் என்பதற்கு அடையாளமாக அவர்களுடைய சின்னத்தைத் தன் முத்திரைக்குள் பிடித்துப் போட்டுக்கொண்டதாகும் இது. ஐரோப்பாக்காரன் கேடயத்தை நாலு கட்டமாகப் பிரித்து அடுத்தவன் சின்னத்தைத் தன் கட்டத்துக்குள் எழுதிக்கொண்டானே, அதே காரியத்தை நம்மவன் செம்பில் செய்திருக்கிறான். சுற்றிலும் சமஸ்கிருதத்தில், நம் ஆணை மற்ற அரசர்களின் கிரீடத்து இரத்தினங்களின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதான வாசகம். அரசர்களின் தலையில் உட்கார்ந்தது சரி; அந்தச் செப்பேட்டினால் ஊரோடு தானமாகப் போன குடியானவனுடைய தலையில் என்ன உட்கார்ந்தது என்பதை முத்திரையில் எழுதவில்லை.

1070-இல் சோழ வம்சத்தில் நேர் வாரிசு இல்லாமற்போனபோது வேங்கியிலிருந்து ஒருவன் வந்து பட்டத்துக்கு உட்கார்ந்தான். அவன்தான் முதலாம் குலோத்துங்கன். தகப்பன் வீடு சாளுக்கியர் வீடு. அவர்கள் சின்னம் பன்றி. தாய் இராஜேந்திர சோழன் மகள். தாய் வழியாகப் பன்றி வீட்டுப் பிள்ளை புலியாகிவிட்டது. பிரான்சிலோ 1328-இல் இதற்கு நேர் விரோதம். இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டு, தன் தாய் பிரான்சு அரசனின் மகள் என்று சொல்லி இராச்சியத்தைக் கேட்டான். பெண் வழியாக இராச்சியம் வராது என்று சாஸ்திரம் எடுத்துக் காட்டினார்கள். அங்கே ஒரு சாஸ்திரம், இங்கே ஒரு சாஸ்திரம். எவனுக்கு ஆள்பலம் இருக்கிறதோ அவன் பக்கம் சாஸ்திரம் பேசும் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

எட்வர்டு சும்மா இருக்கவில்லை. 1340-இல் பிரான்சின் லில்லியைத் தன் கேடயத்தில் தன் சிங்கத்தோடு சேர்த்து எழுதிக்கொண்டான். அதற்காக நடந்த சண்டைக்கு நூறாண்டுப் போர் என்று பெயர். 1337 முதல் 1453 வரை. சண்டையில் கடைசியாகத் தோற்ற பிறகும் இங்கிலாந்து அரசர்கள் லில்லியை அழிக்கவில்லை. 1801 வரை, நானூற்று அறுபது வருஷம், ‘பிரான்சுக்கு அரசன்’ என்ற பட்டத்தையும் பூவையும் வைத்திருந்தார்கள். ஜோன் என்னும் கிராமத்துப் பெண் ஒருத்தி அந்தச் சண்டையில் பிரான்சு அரசனுக்குக் கிரீடம் வாங்கிக் கொடுத்தாள். 1429-இல் அவள் குடும்பத்துக்கு இரண்டு லில்லி போட்ட கேடயம் கொடுத்தார்கள். எதிரி அவளைப் பிடித்து 1431-இல் உயிரோடு கொளுத்தினபோது, மீட்பதற்கு அரசன் ஒரு காசு கொடுக்கவில்லை. பூ கொடுப்பதற்குச் செலவில்லை அல்லவா!

இனி திருச்சிக்கு வருவோம். 1732-இல் இங்கே நாயக்க அரசன் பிள்ளையில்லாமல் செத்தான். மனைவி மீனாட்சி பட்டத்துக்கு வந்தாள்; கிளைவழி உறவினனான வங்காரு திருமலையின் பிள்ளையைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டாள். பிள்ளையைக் கொடுத்த தகப்பனோ, பட்டம் தனக்கே வேண்டும் என்றான். பஞ்சாயத்துப் பேச வந்தவன் சந்தா சாகிபு. பஞ்சாயத்து எப்படி முடிந்தது? 1736-இல் கோட்டை அவன் கையில். மீனாட்சி விஷம் குடித்துச் செத்தாள். ஓர்லியான், பர்கண்டி கதை கடல் தாண்டி இதே மலைக்கோட்டையடியில் நடந்தது. அதற்கு நானூறு வருஷத்துக்கு முன் மதுரையில் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அண்ணன் தம்பிச் சண்டை போட்டார்கள்; இந்தப் பக்கமும் மீன், அந்தப் பக்கமும் மீன். 1311-இல் மாலிக் காபூர் வந்தான். முந்தின தலைமுறையில் ஒரு சுந்தர பாண்டியன் ஸ்ரீரங்கத்துக்குப் பொன் வேய்ந்து வைத்திருந்ததெல்லாம் கொள்ளையாயிற்று. தன் கூரைப் பொன்னைக் காப்பாற்றிக்கொள்ளாத பெருமாளைப் பற்றி நாம் தனியாக ஒரு நாள் பேசலாம்.

சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரன் துணை. கோட்டைக்குள் இருந்த முகம்மதலிக்கு இங்கிலீஷ்காரன் துணை. 1751-இல் முற்றுகை தொடங்கிற்று. பிரெஞ்சு இராஜா பதினைந்தாம் லூயி, பூர்போன் வம்சம், வெறும் லில்லிக்காரன். பிரெஞ்சுக் கும்பினியின் இலச்சினையில் மேற்பாகம் முழுவதும் நீலத்தில் பொன் லில்லி. சரி, எதிரியான இங்கிலீஷ் கும்பினியின் இலச்சினையில் என்ன இருந்தது தெரியுமா? 1698-இல் வாங்கின இலச்சினை. வெள்ளையில் சிவப்புச் சிலுவை, அதன் மூலையில் இங்கிலாந்து அரசனின் சின்னம். அந்தச் சின்னத்தில் சிங்கத்தோடுகூட, முன்னே சொன்னோமே, எட்வர்டு எழுதிக்கொண்ட அதே லில்லி! ஆகத் திருச்சியை வளைத்தவன் முத்திரையிலும் லில்லி, காத்தவன் முத்திரையிலும் லில்லி. நடுவே செத்தவர்களில் எத்தனையோ பேர் இந்த நாட்டுச் சிப்பாய்கள். அவர்களுக்கு லில்லி என்பது மரமா, செடியா என்றுகூடத் தெரிந்திருக்காது.

1752-இல் லா என்ற பிரெஞ்சுத் தளபதி காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் போய்ப் புகுந்துகொண்டான். வடக்கே கொள்ளிடத்துக்கு அப்பால் சமயபுரத்தில் கிளைவு வழியை அடைத்தான். ஜூன் மாதத்தில் பீரங்கி, துப்பாக்கி எல்லாவற்றோடும் லா சரணடைந்தான். சந்தா சாகிபு தஞ்சாவூர்த் தளபதியை நம்பி அடைக்கலம் போனான். அங்கே அவன் தலையை வெட்டினார்கள். அடுத்த வருஷம் பொன்மலையடியிலும் சண்டை. இரயில்வே தொழிற்சாலைத் தோழர்கள் தினம் நடந்து போகிற இடந்தான் அது.

அந்த லில்லி நம் ஜனங்களின் மடியிலும் கிடந்திருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் அடித்த துட்டு என்னும் செப்புக்காசில் ஒரு பக்கம் லில்லிப் பூ, மறு பக்கம் தமிழில் ‘புதுச்சேரி’ என்று எழுத்து. உப்புக்கும் புளிக்கும் அதைக் கொடுத்து வாங்கின கிழவிக்குத் தன் கையில் இருப்பது ஒன்பதாம் லூயியின் மூத்த கிளைக்குரிய சின்னம் என்று யார் சொல்லியிருப்பார்கள்? அவளுக்கு அது ஒரு துட்டு. நம்மைக் கேட்டால் அந்தப் பூவை உள்ளபடி மதித்தவள் அந்தக் கிழவிதான்.

பிரான்சு ஜனங்களுக்கும் கண் திறந்தது. 1790 ஜூன் 19-ஆம் தேதி அவர்களுடைய சட்டசபை ஒரே உட்காரலில் பரம்பரைப் பிரபுத்துவம், பட்டங்கள், குடும்ப இலச்சினைகள், வேலைக்காரனுக்கு மாட்டிவிடும் குலச் சட்டை எல்லாவற்றையும் இனி இல்லை என்று தீர்மானம் செய்தது. 1793 ஜனவரியில் அரசனைக் கொல்லுமுன் விசாரித்தபோது ‘லூயி காப்பே’ என்று, எவனோ கடைக்காரனைக் கூப்பிடுவது போல், பழைய மூதாதையின் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள். பின்னே நெப்போலியன் வந்து தேனீயைச் சின்னமாக்கிப் புதுப் பிரபுக்களையும் உண்டாக்கினான். அவனுக்குப் பின் லில்லி திரும்பிற்று. 1831-இல் ஓர்லியான் வீட்டு லூயி பிலிப் ஜனங்களின் கோபத்துக்குப் பயந்து தன் சொந்தக் குல லில்லியைத் தானே அழித்தான். 1873-இல் இன்னொரு கூத்து. மூத்த கிளையின் கடைசி ஆளான ஷாம்போர் பிரபுவை அரசனாக்கச் சட்டசபையில் பெரும்பான்மையோர் தயார். அவரோ, புரட்சியின் மூவர்ணக் கொடியை ஏற்க மாட்டேன், என் பாட்டன் வெள்ளைக் கொடிதான் வேண்டும் என்றார். துணிக்காக இராச்சியம் போயிற்று. குடியரசு நிலைத்தது. ஒரு மனிதனுடைய குலப் பெருமையால் தேசத்துக்கு நன்மை விளைந்தது இந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறோம்.

இதற்கப்புறமாவது ஓய்ந்ததா? அரசனே இல்லாத பிரான்சில் 1980-களின் கடைசியில் ஒரு வழக்கு நடந்தது. ஓர்லியான் வீட்டார், சீப்புப் போட்ட லில்லிக்காரர்கள், ஸ்பெயின் தேசத்துப் பூர்போன் கிளையார்மேல் பாரிசு கோர்ட்டில் பிராது கொடுத்தார்கள். பிராது என்ன? ‘சீப்போ கரையோ இல்லாத வெறும் மூன்று லில்லியை அவர் போட்டுக்கொள்ளுகிறார், அது எங்களுக்குப் பாத்தியம், தடுக்க வேண்டும்’ என்பது. 1988 டிசம்பரில் கீழ்க்கோர்ட்டும் 1989 நவம்பரில் மேல்கோர்ட்டும் பிராதை ஏற்கவில்லை. 1989 என்பது பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாவது ஆண்டு என்பதை நினைத்துப் பாருங்கள்!

வெள்ளைக்காரன் முட்டாள்தனம் என்று சிரிக்கிறீர்கள். நல்லது. இப்போது பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வாருங்கள். ஒரே பெருமாள், ஒரே இராமானுஜர், ஒரே பிரபந்தம். ஆனால் நெற்றியில் போடும் நாமம் மூக்குக்கு மேலேயே வளைந்து நின்றுவிட்டால் வடகலை. மூக்கின்மேல் கால் நீட்டினால் தென்கலை. அரை அங்குலம்! ஆஞ்சு வீட்டுக் கரைக்கும் ஓர்லியான் வீட்டுச் சீப்புக்கும் உள்ள தூரம் இதைவிட அதிகம். இந்த அரை அங்குலத்தை மனிதன் நெற்றியோடு விட்டார்களா? மதிலில் எழுதினார்கள், வாகனத்தில் எழுதினார்கள், ஒன்றும் அறியாத யானையின் நெற்றியிலும் எழுதினார்கள். யானைக்கு எந்தக் கலை என்று அதைக் கேட்டவர் யார்? காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலில் எந்தக் கலையார் முன்னே நின்று எதைப் பாடுவது என்ற வழக்கு வெள்ளைக்காரன் ஆட்சியிலே சென்னை ஐக்கோர்ட்டு ஏறிற்று. 2022-ஆம் வருஷத்திலும் அதே ஐக்கோர்ட்டில் அதே தகராறு. பாரிசில் இரண்டு கோர்ட்டோடு முடிந்தது. நம்மவர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் விடவில்லை. ‘நாமம் போட்டுவிட்டான்’ என்று ஜனங்கள் எதற்குச் சொல்லுகிறார்கள் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு கலையாரும் சண்டை போடும் இடத்தில் மற்ற ஜாதியான் எங்கே நிற்க வேண்டும் என்பதில் மட்டும் அவர்களுக்குள் வழக்கே வந்ததில்லை.

பிராமணரைச் சொன்னது போதும், நம்மைச் சொல்லுவோம். அரசியல் சட்டம் 1950-இல் பட்டங்களை ஒழித்தது. 1971-இல் மன்னர் மானியமும் ஒழிந்தது. பக்கத்துப் புதுக்கோட்டை சமஸ்தானம் 1948-இலேயே திருச்சி ஜில்லாவோடு சேர்ந்துவிட்டது. (அங்கேயும் 1915-இல் ஒரு தொண்டைமான் ஆஸ்திரேலியப் பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டதற்காக, அவர் பிள்ளைக்குப் பட்டம் இல்லை என்று வெள்ளைச் சர்க்காரே சொல்லிற்று. அங்கே குறுக்குக் கோடு இழுத்தது வெள்ளைக்காரன் கை.) இராஜாக்கள் இவ்வளவு சுலபமாகப் போன பிறகு, இராஜாவின் புலியை எவன் எடுத்துக்கொண்டான்? ஜாதிச் சங்கம் எடுத்துக்கொண்டது. நாங்கள்தான் சோழன் வம்சம் என்று ஒரு ஜாதி சுவரொட்டி அடிக்கிறது. இல்லை, நாங்கள்தான் என்று பக்கத்துத் தெரு ஜாதி அடிக்கிறது. எல்லாச் சுவரொட்டியிலும் புலி பாய்கிறது. அத்தனை பேரும் ‘ஆண்ட பரம்பரை’. அப்படியானால் ஏர் உழுதவன் யார், கல் சுமந்தவன் யார், தஞ்சாவூர்க் கோபுரத்துக்குச் சாரம் கட்டினவன் யார்? ஒருவரும் பரம்பரை இல்லாமலா செத்தார்கள்?

இதை ஒரு சிறு கணக்கால் பார்த்துவிடலாம். உங்களுக்குத் தாய் தகப்பன் இரண்டு பேர். பாட்டன் பாட்டிமார் நாலு பேர். அதற்கு மேலே எட்டு. ஒவ்வொரு தலைமுறைக்கும் இரட்டித்துக்கொண்டே போங்கள். பத்தாம் தலைமுறையில் ஆயிரத்து இருபத்து நாலு. முப்பதாம் தலைமுறையில் நூற்று ஏழு கோடிக்கு மேல். இராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-இல். தலைமுறைக்கு இருபத்தைந்து வருஷம் வைத்தால் நாற்பது தலைமுறை ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் உலக ஜனத்தொகை முழுவதும் சேர்ந்தே முப்பது கோடி அளவுதான் என்று மதிப்பிடுகிறார்கள். ஆகையால் ஒரே ஆள் பல வழியில் உங்களுக்குப் பாட்டனாக வந்தாக வேண்டும். உங்களுக்கும் எதிர்த்தெருக்காரனுக்கும் பாட்டன்மார் கலந்தாக வேண்டும். ஜாதிக்குள்ளேயே கலியாணம் செய்தோம் என்பீர்கள். ஆயிரம் வருஷத்தில் ஒரு முறைகூட வேலி தாண்டவில்லை என்று சத்தியம் செய்யக்கூடியவர் கை தூக்கட்டும். இராஜராஜனுக்கு இன்று வம்சம் இருக்குமானால், அந்த வம்சத்தில் நீங்களும் இருக்கலாம், சேரியில் இருக்கும் தோழரும் இருக்கலாம். அவனுடைய பல்லக்கைத் தூக்கினவனும் அதே மாதிரி உங்கள் இருவருக்கும் பாட்டன். ஒன்பதாம் லூயியின் லில்லிக்கும் இதே கணக்குத்தான்.

கயிற்றுக்கு வருகிறோம். தெற்கே சில ஜில்லாக்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இன்ன ஜாதிக்கு இன்ன வர்ணம் என்று மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்ளுகின்றார்கள். ஒரே சீருடைதான்; முகத்தைப் பார்த்தால் ஜாதி தெரியாது; ஆகவே கயிறு வேண்டியிருக்கிறது. இரும்புத் தொப்பியால் முகம் மறைந்தபோது கேடயத்துக்கு வர்ணம் பூசினார்களே, அதே தேவை, அதே வேலை: அடிக்க வேண்டியவன் யார் என்று தெரிந்துகொள்ளுவது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவனை உடன் படிக்கும் பிள்ளைகளே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. படிக்கிற பிள்ளைகள், தோழர்களே! அதற்குப் பிறகு சர்க்கார் அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி முதலிய ஜாதி அடையாளம் எதுவும் பள்ளிக்கூடத்துக்குள் வரக்கூடாது என்று அதில் சொல்லியிருக்கின்றார்கள். நெற்றிக்குறி என்றவுடனே சிலருக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளையின் கழுத்துக்கு அரிவாள் வந்தபோது வராத கோபம்!

பிரான்சில் 1790-இல் சட்டசபை ஒரே நாளில் செய்ததைப் பள்ளிக்கூட வாசலில் செய்வதற்கு நமக்குச் சட்டசபை வேண்டியதில்லை. ஒரு கத்தரிக்கோல் போதும். அதை வாத்தியார் எடுப்பதற்கு முன்னால் வீட்டிலே அம்மா எடுத்தால் பிள்ளைக்கு அவமானமில்லை. கூட்டம் கலைந்து போகும்போது உங்கள் பையன் கையைப் பிடித்துத்தான் நடத்திக்கொண்டு போவீர்கள். அப்போதே மணிக்கட்டைப் பார்த்துவிடலாம்.

கேள்வி கேட்க விரும்பும் தோழர்கள் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பலாம். நாமக்காரத் தோழர்களும் அனுப்பலாம். அவர்களுக்கு முதலில் பதில் சொல்லுகின்றோம்.